பாதி விலைக்கு வரும் விளையாட்டுச் சாவி: வாங்கலாமா?

(பெற்றோர், மாணவர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசை காலியாக இருந்தும் தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

இன்றைய தலைப்பைச் சொன்னபோது ஜமாஅத் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஸகாத் மனு இருக்கிறது, படிப்பு உதவி இருக்கிறது, வீடியோ கேமுக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விளையாட்டில் ஆரம்பித்து வங்கிக் கணக்கில் போய் முடிகிற விவகாரங்கள் நம் அலுவலக மேசைக்கும் வர ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் இந்தக் கூட்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விளையாடலாமா, கூடாதா என்று பேச நாம் இங்கே கூடவில்லை. விளையாட்டே வேண்டாம் என்று சொன்னால் இந்த உரை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தூண் ஓரத்தில் இருப்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே போனதும் போனை எடுத்துவிடுவார்கள். தொழுகையும் படிப்பும் கெடாமல் ஒரு பிள்ளை சற்று நேரம் விளையாடினால் அதைப் பற்றி நாம் வழக்காட வரவில்லை. அந்த விளையாட்டை எப்படி வாங்குகிறான், யாரிடம் வாங்குகிறான், யாருடைய பணத்தில் வாங்குகிறான் என்பதுதான் நம் பேச்சு.

பெற்றோருக்காகச் சற்று விளக்க வேண்டும். முன்பு சென்னை பர்மா பஜாருக்குப் போனால் விளையாட்டு சிடி கிடைக்கும். அதில் எது அசல், எது நகல் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆனால் வாங்கிய சிடி நம் வீட்டு அலமாரியில் இருக்கும். இன்று கணினி விளையாட்டுக்கு சிடி கிடையாது. ஸ்டீம் போன்ற ஒரு தளத்தில் பிள்ளை தன் பெயரில் கணக்குத் திறக்கிறான். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீட்டை அதில் போட்டதும் விளையாட்டு அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் குறியீட்டைத்தான் 'கீ' என்கிறார்கள். நாம் சாவி என்றே சொல்வோம். ஒரு சாவி ஒரு முறைதான் திறக்கும். இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அலமாரியில் இருக்கும் சிடியை யாரும் வந்து எடுத்துப் போக முடியாது. சாவியால் வந்த விளையாட்டை, விற்ற நிறுவனம் நினைத்தால் எங்கிருந்தோ திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

3,000 ரூபாய் விளையாட்டு ஒன்றின் சாவி 900 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் வருகிறது? எல்லாமே திருட்டு என்று சொல்வது அநியாயம். பல விளையாட்டுகளை மூட்டையாகக் கட்டிக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. அதில் தனக்கு வேண்டாத சாவியை ஒருவன் விற்கலாம். நாணய மதிப்புக் குறைந்த நாட்டில் விலை குறைவாக இருக்கும், அங்கே வாங்கி இங்கே விற்பவர்கள் உண்டு. அப்படி வரும் சாவி பல நேரம் இந்தியாவில் திறக்கவே திறக்காது. விமர்சனம் எழுதுகிறோம் என்று சொல்லி நிறுவனத்திடம் இலவசமாகச் சாவி வாங்கி, அதைக் காசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசி வகைதான் மோசமானது. யாரோ ஒருவருடைய கடன் அட்டை எண்ணைத் திருடி, அதைக் கொண்டு நூற்றுக்கணக்கில் சாவி வாங்கி, பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். திருடிய அட்டையிலிருந்து நேராகப் பணம் எடுத்தால் மாட்டிக்கொள்வான். சாவியாக மாற்றிவிட்டால் அது நம் பிள்ளையின் கையில் வந்து, அவனுக்குச் சுத்தமான பணமாகிவிடுகிறது. களவுப் பணத்தை வெள்ளையாக்கும் வேலையில், தனக்கே தெரியாமல், உத்திரமேரூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் கடைசிக் கண்ணியாகிவிடுகிறான்.

இது கற்பனை அல்ல. 2015 ஜனவரியில் பிரான்ஸ் நாட்டு யுபிசாஃப்ட் நிறுவனம், 'ஃபார் க்ரை 4' போன்ற தன் விளையாட்டுகளைப் பலருடைய கணக்கிலிருந்து திடீரென்று நீக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தச் சாவிகள் வேறொரு நிறுவனத்தின் கடையில் திருட்டு அட்டைகளால் வாங்கப்பட்டு, பிறகு மறுவிற்பனைக்கு வந்தவை என்று தெரிந்தது. ஏற்கெனவே விளையாட ஆரம்பித்தவர்களுக்கு மட்டும் யுபிசாஃப்ட் திருப்பிக் கொடுத்தது. கொடுத்தது அவர்கள் பெருந்தன்மை. சட்டப்படி கேட்டு வாங்க வாங்கியவர்களிடம் வலுவான பிடி எதுவும் இல்லை.

விற்பவன் பக்கத்தையும் பாருங்கள். செக் நாட்டில் பிராக் நகரத்தில் வூப் என்றொரு சிறிய நிறுவனம், 'ஃபாக்டோரியோ' என்ற விளையாட்டைச் செய்தவர்கள். திருட்டு அட்டைகளால் தங்களிடம் 300-க்கு மேற்பட்ட சாவிகள் வாங்கப்பட்டதாக அவர்கள் முறையிட்டார்கள். அட்டைக்கு உரியவர் புகார் கொடுத்ததும் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அது மட்டுமல்ல, ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாகக் கட்டணமும் பிடிக்கும். சராசரியாக 20 டாலர் பிடித்தது என்றார்கள். பொருளும் போய், பணமும் போய், மேலே அபராதம்! மளிகைக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு இந்த வலி புரியும்.

ஜி2ஏ என்ற பெரிய மறுவிற்பனைச் சந்தை 2019-இல் ஒரு சவால் விட்டது. எங்கள் தளத்தில் திருட்டுச் சாவி விற்றதாக நிரூபித்தால் பத்து மடங்கு பணம் தருகிறோம் என்றது. வூப் நிறுவனம் மட்டும் அந்தச் சவாலை ஏற்றது. 2020 மே மாதம் முடிவு வந்தது. 198 திருட்டுச் சாவிகள் தங்கள் சந்தையில் விற்றதை ஜி2ஏ ஒப்புக்கொண்டு 39,600 டாலர் கொடுத்தது. கொடுத்ததைப் பாராட்டலாம். ஆனால் கவனியுங்கள்: சந்தைக்காரனுக்கே தன் கடையில் என்ன விற்கிறது என்று தெரியவில்லை. அப்படியானால் வாங்குகிற நம் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பழைய இருசக்கர வண்டி வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறோம். "புத்தகம் இல்லை பாய், அதனால்தான் பாதி விலை" என்றால், கையில் பணம் இருந்தாலும் திரும்பி வந்துவிடுகிறோம். வழியில் போலீஸ் நிறுத்தினால் வண்டியும் போகும், பெயரும் போகும். மறுவிற்பனைச் சாவி, ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டி. இதற்கு முன் யாரிடம் இருந்தது, எந்தப் பணத்தில் வந்தது என்று காட்ட எந்தக் காகிதமும் கிடையாது.

கணக்குக் கேட்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு ஆண்டு பழையது, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன், பிறர் பொருளைக் கவர்ந்தவன், இவர்கள் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததுதான். சாவி வாங்கும்போது மறந்துவிடுகிறது!

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல, அதற்கு ஹஸ்ரத் இருக்கிறார்கள். மதரஸாவில் படித்த அளவுக்கு மட்டும் சொல்கிறோம். களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது கூடாது என்பதில் இரண்டு பேச்சு இல்லை. கைக்கு வருமா, நிலைக்குமா என்று தெரியாத பொருளின் வியாபாரத்துக்கு ஃபிக்ஹ் நூல்களில் 'கரர்' என்று பெயர். தண்ணீரில் நீந்தும் மீனையும் ஆகாயத்தில் பறக்கும் பறவையையும் உதாரணமாகச் சொல்வார்கள். இன்று திறந்து நாளை பூட்டிக்கொள்ளும் சாவி அதற்கு எவ்வளவு பக்கம் என்பதை ஹஸ்ரத்திடம் உட்கார்ந்து கேளுங்கள்.

இனி நம் ஊர் விவகாரம். இங்கே கணினியை விடப் போனில்தான் விளையாட்டு அதிகம். ஃப்ரீ ஃபயர் விளையாட்டை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்தது, ஆனால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 'டைமண்ட்', பிஜிஎம்ஐ-யில் 'யூசி'. இவற்றைப் பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம் என்று டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆள் இருக்கிறான். சாவிச் சந்தையிலாவது பெயருக்கு ஒரு நிறுவனம் உண்டு. இங்கே ஒரு புகைப்படமும் ஒரு க்யூஆர் கோடும்தான். சிலர் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். சிலர் "உன் ஐடி, பாஸ்வேர்டு கொடு, உள்ளே போய்ப் போடுகிறேன்" என்பார்கள். கொடுத்தால் கணக்கே அவர்களுடையது. இன்னும் கெட்டிக்காரர்கள், உண்மையாகவே போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கடையில் புகார் சொல்லித் தங்கள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்போது பிள்ளையின் கணக்கில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும், அல்லது கணக்கே முடங்கும்.

இதையெல்லாம் விடக் கவலை தருவது ஒன்று உண்டு. பெயர் சொல்லாமல் சொல்கிறோம். கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையிடம், "நீ ஆள் பிடித்துக் கொடு, பணத்தை உன் யுபிஐ-யில் வாங்கி எனக்கு அனுப்பு, நூற்றுக்கு ஐந்து உனக்கு" என்று முகம் தெரியாத ஒருவன் சொல்லியிருக்கிறான். அவனுக்குக் கணக்கு இல்லாததால் அம்மாவின் கணக்கைக் கொடுத்தான். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் அந்தத் தாய் ஏடிஎம்-மில் பணம் எடுக்கப் போனால் வரவில்லை. வேறு மாநிலத்தில் யாரோ ஏமாந்து சைபர் போலீசில் புகார் கொடுக்க, பணம் போன வழியில் இருந்த கணக்குகளை எல்லாம் வங்கிகள் முடக்கிவிட்டன. அந்தக் கணக்கில் இருந்தது மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பரில் நம் காஞ்சிபுரத்தில்தானே தொடங்கி வைத்தார்கள், அந்த மாதம் 1,000 ரூபாய். அதோடு குழுவில் வாங்கிய கடனுக்கு எடுத்து வைத்திருந்த தவணை. அந்தச் சகோதரி அலுவலகத்தில் உட்கார்ந்து, "நான் என்ன தப்பு செய்தேன் பாய்?" என்று கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. கணக்கை மீட்க அலைந்துகொண்டிருக்கிறார்கள். துஆ செய்யுங்கள்.

ஆகவே தம்பிகளே, அடுத்தவன் பணம் உங்கள் கணக்கு வழியாக ஒரு ரூபாய் கூடப் போகக் கூடாது. இதில் மட்டும் நாம் கறாராகச் சொல்கிறோம். மற்றதில் உங்கள் புத்தியை நம்புகிறோம்.

மலிவாக வேண்டும் என்றால் நேர்வழியிலேயே கிடைக்கிறது. ஸ்டீமில் 2015 முதல் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி வரும். பொறுத்திருந்தால் அதே விளையாட்டு பாதிக்கும் கீழே வந்துவிடும். அங்கே நேராக வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வெளியே வாங்கிய சாவிக்கு அந்த வசதி கிடையாது. எபிக் கேம்ஸ் கடையில் வாரந்தோறும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தார்கள். (அது பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டு இல்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம். சிரிக்க வேண்டாம்.) வேறு கடையில் வாங்குவதானால், விளையாட்டைச் செய்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அந்தக் கடையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'சாவி உருவாக்கித் தரும்' மென்பொருள் என்று எதையும் இறக்கிவிடாதீர்கள். அது கணினியில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைக் கொண்டுபோகும் வழி.

அத்தாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். யுபிஐ பின் எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லி வைக்காதீர்கள். கண் தெரியவில்லை, கை வரவில்லை என்று பிள்ளையிடமே போனைக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கொடுங்கள், ஆனால் பின்னை நீங்களே போடுங்கள். மாதம் ஒரு முறை பரிவர்த்தனைப் பட்டியலை அவனையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். திட்டுவதற்காக அல்ல. திட்டுவீர்கள் என்று தெரிந்தால், 500 ரூபாய் போனதை மறைக்கப் போய் 5,000 தொலைப்பான்.

ஏமாந்துவிட்டால் நேரம்தான் முக்கியம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். பணம் அடுத்த கைக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், ஸ்க்ரீன்ஷாட், விற்றவனோடு பேசிய செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். உள்ள கடை ஒன்று பொருளைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

போன் செய்யத் தயக்கமாக இருந்தால், ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகம் திறந்திருக்கும். கம்ப்யூட்டர் படித்த இரண்டு தம்பிகள் உடன் இருப்பார்கள், புகாரை அவர்களே எழுதித் தருவார்கள். பிள்ளை தனியாக வந்தாலும் சரி, அத்தாவோடு வந்தாலும் சரி. வரும்போது போனையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.