எரியாத வீடு, வேகாத வீடு
(செங்கல்பட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பசுமை வீடு, பசுமை வேலை என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். தலித் அரசியலுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சூளையில் குடும்பத்தோடு முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பவர் யார், கல் உடைப்பவர் யார், செங்கல் சுமப்பவர் யார் என்று திருப்பிக் கேளுங்கள். வீடு கட்டும் வேலையின் கீழ்ப்படிகளில் நிற்பது நம்ம சனமும் இருளர் சனமும்தான். வேலைக்குப் பசுமை என்று பெயர் வைத்துவிட்டு இந்தப் படிக்கட்டை அப்படியே வைத்திருந்தால் நமக்கென்ன லாபம்?

சூழலியல் நண்பர்கள் சிலர் கீற்றுக் குடிசையின் குளிர்ச்சியைப் பற்றி உருகி எழுதுகிறார்கள். நானும் கவிதை எழுதுகிறவன்தான். ஆனால் அந்தக் கவிதை எனக்கு வராது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள். சேரி சனம் காங்கிரீட் கேட்டது நாகரிக மோகத்தால் அல்ல. தீக்குச்சிக்குப் பயந்து கேட்டது. எரியாத வீடு என்பது நம் கணக்கில் முதல் கோரிக்கை. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்த எரியாத வீடு வேக வைக்கிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த மொட்டைத் தளம் ராத்திரி முழுக்க அதை உள்ளே கக்குகிறது. நான் பார்த்த காலனி வீடுகளில் தளத்துக்கு மேல் தட்டோடு பதித்தவை சொற்பம். சித்திரையில் ஆம்பளைங்க பாயைச் சுருட்டிக்கிட்டுத் தெருவுக்குப் போயிடுவாங்க. வயசுப் பொண்ணும் கைப்பிள்ளைக்காரியும் எங்கே போவாங்க? வேகாத வீடு என்பது பெண்களின் கோரிக்கை என்று நான் சொல்வது இதனால்தான்.

வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் லாரி பேக்கர் எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுவர் எழுப்பினார். உள்ளே காற்றுக்கூடு இருப்பதால் சூடு ஏறாது, செங்கலும் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். தளத்தின் அடிப்பாகத்தில் காங்கிரீட்டுக்குப் பதிலாக ஓடுகளை வைத்தார். மேலே வெள்ளை அடித்தால் இன்னும் நல்லது. இதற்கெல்லாம் சிமெண்ட் குறைவு, கைவேலை அதிகம். கம்பெனிக்குப் போகும் பணம் கூலியாக மாறுகிறது. இதற்கு ஏன் கொடி பிடிக்க ஆளில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

2011-12இல் தமிழக அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, ஐந்து சோலார் விளக்கு. வீட்டுக்கு 1,80,000 ரூபாய், அதில் விளக்குக்கு 30,000. வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் உள்ளே நுழைய ஒரு சீட்டு வேண்டும். பட்டா.

பட்டா என்றதும் இந்த மண்ணின் கதைக்கு வந்துவிடுகிறோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில், பறையர்களின் குடியிருப்பு மனைகூட மிராசுதாரர் பிடியில் இருப்பதையும், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலிசெய்ய வைக்க முடிவதையும் எடுத்துக்காட்டினார். 1892இல் வந்த ஆணையிலிருந்து பிறந்தவைதான் பஞ்சமி நிலங்கள். அவை எப்படிக் கைமாறின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரைக்கும் வரிசையாக நிற்கும் சொகுசு விடுதிகளின் கூரையில் சோலார் தகடு மின்னுவதைப் பார்க்கும்போதெல்லாம் தகட்டுக்குக் கீழே உள்ள நிலத்தின் பழைய 'அ' பதிவேட்டை எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

நான் பேங்க் கிளார்க். கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். காலனி வீடு கட்டுகிறவர்கள் வீட்டுக் கடன் கேட்டு வருவதில்லை. மானியம் லிண்டல் மட்டத்தோடு தீர்ந்துபோனதும் கம்மலை அடகு வைக்கத்தான் வருகிறார்கள். 2024இல் ஒன்றிய அரசு ஒரு கோடி வீடுகளுக்குக் கூரை சோலார் என்று அறிவித்தது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும். பசுமை வீடே அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சேரியில் பல வீட்டுக்கு மின்கட்டணமே பெரிதாக வராது. அப்படியானால் மானியம் யார் மாடிக்குப் போகும்? ஏற்கெனவே பெரிய மாடியும் ஏசியும் வைத்திருப்பவர் மாடிக்கு.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தகடு மட்டும் அல்ல, தகட்டை மாட்டுகிற வேலை. அதைவிட முக்கியம், வேலையின் பொறுப்பு. இங்கே ஒரு பெண் முப்பது வருஷம் கட்டட வேலை செய்தாலும் சித்தாள்தான். கரண்டி அவள் கைக்கு வராது. ஆண் சித்தாளாக வந்தவன் சில வருஷத்தில் கொத்தனாராகிவிடுகிறான். தொழிலாளர்கள் போராடிப் பெற்ற கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலேயே வந்தது. அட்டை வந்தது, கரண்டி வரவில்லை.

காண்டிராக்டர் இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்களுக்கு வடகரைக்குப் பக்கத்து ஊராளுங்கலைச் சொல்வேன். வாக்படானந்தரின் சாதி எதிர்ப்புச் சீர்திருத்தத்தில் சேர்ந்ததற்காக வேலை மறுக்கப்பட்ட கூலிக்காரர்கள் 1925இல் தங்களுக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இன்று அதுதான் கேரளத்தில் பாலமும் சாலையும் ஐ.டி. பூங்காவும் கட்டும் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். முதலாளி கிடையாது, வேலை செய்பவர்கள்தான் உறுப்பினர்கள். அவ்வளவு தூரம் வேண்டாம், மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இறங்குங்கள். பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றுபோன பிறகு இருளர்கள் 1978இல் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. தங்கள் கைத்தொழிலையே உயிர் காக்கும் மருந்துக்கான விஷம் எடுக்கும் தொழிலாக மாற்றினார்கள்.

அரசு 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று வீட்டுக்கு மூன்றரை லட்சம் ஒதுக்கியது. ஒரு சேரியில் இருபது வீடு வந்தால் எழுபது லட்சம் ரூபாய் வேலை. அதை இருபது தனிக் குடும்பங்கள் இருபது மேஸ்திரியிடம் கொண்டுபோவதற்குப் பதில், சேரிக்காரர்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து கட்டலாம். சித்தாள் பெண்களுக்குக் கொத்து வேலையும், ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒயரிங்கும் சோலார் பழுதும் பயிற்சி கொடு, பயிற்சிக் காலத்துக்கும் கூலி கொடு என்று கேட்கலாம். விளக்கின் பேட்டரி தீர்ந்துபோனால் பட்டணத்து ஏஜென்சிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊரில் எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், யார் யார் ஒயரிங் தெரிந்தவர்கள், எத்தனை வீட்டுக்குப் பட்டா இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டா இல்லாத வீடுகளின் சர்வே எண்ணை மறக்காமல் எழுதுங்கள். தாலுகா ஆபீசில் முதலில் கேட்பது அதைத்தான்.