சோப்பு கல்லில் ஒட்டுவது எப்படி?



உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாளியில் வெள்ளையாகத் திரிந்து நிற்கும். அது கால்சியம் சோப்பு. அதே சங்கதிதான் தாதுவைப் பிரிக்கும் தொட்டியிலும் நடக்கிறது.

ஃபுளூரைட்டை நுரை மிதப்பு முறையில் பிரிக்க ஒலியேட் என்ற சோப்பைச் சேர்க்கிறார்கள். அதன் தலை கல்லைப் பிடிக்கும். 17 கார்பன் கொண்ட வால் தண்ணீருக்கு ஆகாது. அதனால் கல் காற்றுக் குமிழியோடு மேலே வரும். கூடவே கிடக்கும் கால்சைட்டும் கால்சியக் கனிமம் என்பதால் அதுவும் சோப்பைப் பிடிக்கும். மருந்தும் அளவும் தப்பினால் வேண்டாதது மிதக்கும், நல்ல தாது கழிவோடு போகும்.

கரைசலில் சோப்பு எவ்வளவு குறைந்தது என்று அளக்கலாம். ஆனால் அது கல்லோடு பிணைந்ததா, திரிந்து சும்மா மேலே படிந்ததா? அந்தக் கணக்கு இதைச் சொல்லாது. அகச்சிவப்பு நிறமாலை சொல்லும்.

ஒலியிக் அமிலமாகவே இருந்தால் 1710 அலை எண் அருகே பட்டை வரும். சோடியம் ஒலியேட் என்றால் 1560 அருகே. படிந்த கால்சியம் ஒலியேட் 1575, 1540 என்று இரட்டையாகக் காட்டும். பரப்பிலுள்ள கால்சியத்தோடு நேரே பிணைந்ததோ 1550 பக்கம் ஒற்றையாக நிற்கும்.

பொடியை உலர்த்தி, பொட்டாசியம் புரோமைடோடு அழுத்தி வில்லையாக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். உலர்த்தும்போதே பரப்பு மாறிவிடலாமே! 1960-ஐ ஒட்டி ஹாரிக், ஃபாரன்ஃபோர்ட் இருவரும் தனித்தனியே கொண்டுவந்த ஏ.டி.ஆர். முறை இதற்கு வழி செய்தது. ஒளி படிகத்துக்குள்ளேயே முட்டித் திரும்பும். வெளியே சுமார் ஒரு மைக்ரான்தான் எட்டிப் பார்க்கும். ஆகவே தண்ணீருக்குள்ளேயே பார்க்கலாம். 1990-ஐ ஒட்டி யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபுளூரைட்டையே அந்தப் படிகமாக வைத்துப் பார்த்தார்கள்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பட்டை தெரிந்ததும் "பிணைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீருக்கே 1640-இல் பட்டை உண்டு, அதைக் கழியுங்கள். வெறும் கல், வெறும் கரைசல், தனியே தயாரித்த கால்சியம் ஒலியேட் மூன்றையும் முதலில் எடுத்து வையுங்கள். அப்புறம் ஒப்பிடுங்கள். எவ்வளவு ஒட்டியது என்பதோடு, எப்படி ஒட்டியது என்றும் கேட்டுப் பழகுங்கள்.