குறையை முதலில் சொல்கிறவர் யார்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாசல் பதிவுச் செயலியையும் கேமராக்களையும் எந்த நிறுவனத்திடம் ஒப்படைப்பது என்று அடுத்த மாதம் நாம் முடிவு செய்ய வேண்டும். இரண்டு நிறுவனங்கள் வந்திருக்கின்றன. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசும்படி செயலாளர் அண்ணாச்சி கேட்டார். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஜூன் மாதம், நம் வீட்டு எண், உரிமையாளர் பெயர், போன் நம்பர் எல்லாம் உள்ள பட்டியலை கமிட்டி குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து வேறொரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியது நான்தான். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். கமிட்டியில் மட்டும் சொன்னேன். “எதுக்கு எல்லாரையும் பயமுறுத்தணும்” என்று பேசி, அதோடு விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து நம் மூன்று வீடுகளுக்குப் போலி அழைப்பு வந்தது. கரண்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி இணைப்பைத் துண்டிப்போம் என்று, பெயரைச் சொல்லியே மிரட்டியிருக்கிறார்கள். நல்லவேளை, யாரும் பணம் கட்டவில்லை. அது நம் பட்டியலால் வந்ததா என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது. அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் உஷாராக இருந்திருப்பீர்கள். தப்பு என் மேல். மன்னிக்க வேண்டும்.

இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாம் இப்போது வாங்கப்போவது பாதுகாப்பு. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் என்றால் குடித்துப் பார்க்கலாம். லிஃப்ட் என்றால் ஏறிப் பார்க்கலாம். பாதுகாப்பை அப்படிச் சோதிக்க முடியாது. ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பூட்டு நல்ல பூட்டா, திருடன் இந்தப் பக்கமே வரவில்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் சைபர் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு இவ்வளவு முக்கியமாகிறது. அவர்கள் சொல்லும் சொல்லை வைத்துத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். தப்பு நடந்த அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று பார்த்தால்தான் ஆள் தெரியும்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. செட்டிகுளம் தாண்டினால் கூடங்குளம். நம் குடியிருப்பில் பலருக்கு அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் உண்டு. 2019 அக்டோபர் 28-ஆம் தேதி, கூடங்குளம் கணினிகளில் ‘டிட்ராக்’ என்ற உளவு நிரல் புகுந்திருக்கிறது என்று சமூக வலைதளத்தில் செய்தி கிளம்பியது. சில நாட்களுக்கு முன்பு, 19-ஆம் தேதி, இரண்டாவது அணு உலை நின்றிருந்ததால் பயம் இன்னும் கூடியது. மறுநாள் அணுமின் நிலையம் அறிக்கை விட்டது: பரவுவது பொய்த் தகவல், உலையை இயக்கும் கணினிகள் தனித்து இருப்பவை, இணையத்தோடு தொடர்பு இல்லாதவை, அவற்றைத் தாக்குவது சாத்தியமில்லை.

அதற்கும் அடுத்த நாள், அக்டோபர் 30, மும்பையிலிருந்து வேறு சேதி வந்தது. அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமே, நிரல் புகுந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. ‘செர்ட்-இன்’ என்ற மத்திய அரசு அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே அதைத் தெரிவித்துவிட்டதாம். நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு கணினியில்தான் நிரல் இருந்தது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பாதிப்பில்லை என்று விளக்கினார்கள்.

இரண்டு அறிக்கையையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். உலை பத்திரம் என்பது இரண்டிலும் இருக்கிறது. அலுவலகக் கணினியில் நிரல் இருந்தது என்பது முதல் அறிக்கையில் இல்லை. அந்த ஒரு வரியை முதல் நாளே சேர்த்திருந்தால், “உலைக்கு ஆபத்தில்லை” என்ற வரியை ஜனங்கள் நம்பியிருப்பார்கள். ஒரு வரியை விட்டதால் மொத்த அறிக்கையும் சந்தேகத்துக்கு ஆளானது.

இன்னொரு உதாரணம் பாதுகாப்பை விற்கிற நிறுவனமே மாட்டிக்கொண்டது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, அந்த நாள். அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. நிறுவனத் தலைவரின் முதல் பதிவில், இது சைபர் தாக்குதல் இல்லை, சரிசெய்து வருகிறோம் என்ற விவரம் இருந்தது. மன்னிப்பு இல்லை. ஊரெல்லாம் திட்டிய பிறகுதான் மன்னிப்பு வந்தது. அடுத்து, சிரமப்பட்ட கூட்டாளிகளுக்கு 10 டாலர் உணவு கூப்பன் அனுப்பினார்கள். அதுவும் சிலருக்கு வேலை செய்யவில்லை, கேலிதான் மிஞ்சியது.

ஆனால் ஆகஸ்டில் அவர்கள் போக்கு மாறியது. எங்கே பிழை என்று விரிவான அறிக்கை வெளியிட்டார்கள்: ஒரு பகுதி 21 தகவல்களை எதிர்பார்த்தது, இன்னொரு பகுதி 20 மட்டுமே கொடுத்தது. அதே மாதம் லாஸ் வேகாஸில் ஹேக்கர்கள் கூடும் மாநாட்டில், மாபெரும் தோல்விக்கான கேலி விருதை நிறுவனத்தின் பிரசிடென்ட் நேரில் மேடையேறி வாங்கிக்கொண்டார். ஊழியர்கள் எல்லாரும் பார்க்கும்படி தலைமையகத்தில் வைப்போம் என்றார். இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. டெல்டா விமான நிறுவனம் வழக்குப் போட்டது. நஷ்டம் நஷ்டம்தான். ஆனாலும் அந்த அறிக்கையும் அந்த மேடையும் கூப்பனால் ஆகாததைச் செய்தன.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நிறுவனத்தின் கையேட்டிலும் “100 சதவீதப் பாதுகாப்பு” என்று போட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டு பேரிடமும் நான்கு கேள்வி கேட்போம்.

ஒன்று: இதுவரை உங்களிடம் என்ன தவறு நடந்தது, வாடிக்கையாளர்களிடம் என்றைக்குச் சொன்னீர்கள்? ஒன்றுமே நடந்ததில்லை என்றால் இன்னும் கொஞ்சம் துருவிக் கேளுங்கள்.

இரண்டு: தகவல் கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்? சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் மணிக்கணக்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம்.

மூன்று: வீட்டு வேலைக்கு வருகிற அக்காமார் படம், வண்டி எண், நாம் ஊரில் இல்லாத நாள் இதெல்லாம் எத்தனை நாள் உங்களிடம் இருக்கும்? எப்போது அழிப்பீர்கள்?

நான்கு: ராத்திரி பதினொரு மணிக்குப் பிரச்சினை என்றால் போனை எடுப்பது யார்?

பதில்களை அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். படித்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

சின்னமுட்டத்திலிருந்து மீன் கொண்டு வருகிற அக்காவை உங்களுக்குத் தெரியும். “சாளை நேத்துள்ளது, இன்னைக்கு வேண்டாம், நெத்திலி எடுங்க” என்று அவரே சொல்லிவிடுவார். அதனால்தான் அவர் நல்ல மீன் என்று சொன்னால் நாம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

அதே மாதிரி நம் சங்கமும் நடக்க வேண்டும். இனி நம் பக்கம் தகவல் எதுவும் கசிந்தால், அன்றைக்கே எல்லா வீட்டுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். போலி அழைப்பில் யாராவது பணம் இழந்தால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். பிறகு கமிட்டியிலும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கு நானே சொல்லிவிட்டேனே.