இசிஜி தாளும் நம்ம கணக்கு நோட்டும்



நான் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்கும் வேலை பார்க்கிறேன். "என்னம்மா, கோடு இப்படிக் கோணல்மாணலா ஓடுதே"ன்னு பயந்து கேட்பவர்கள் அதிகம். கோடு ஏறி இறங்கினால்தான் இதயம் ஓடுகிறது என்று அர்த்தம். உடம்பில் மாட்டும் பத்து ஒயரும் இதயத்தில் உண்டாகும் சின்ன மின்சாரத்தைப் பதிவு செய்கின்றன, அவ்வளவுதான். ஷாக் அடிக்காது.

தாளைப் பாருங்கள். முதலில் ஒரு சின்ன மேடு: இதயத்தின் மேல் அறைகள் வேலை செய்கின்றன. அடுத்து ஊசி மாதிரி ஒரு உயரம்: கீழ் அறைகள் ரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. கடைசியில் அகலமான மேடு: அடுத்த துடிப்புக்குத் தயாராகின்றன.

ஊசிகள் சீரான இடைவெளியில் இருந்தால் துடிப்பையும் நாமே எண்ணலாம். வழக்கமாகத் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். இரண்டு ஊசிக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300ஐ அதால் வகுக்கணும். 4 கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75. ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை சாதாரணம். வட்டிக் கணக்குப் போடுற நமக்கு இது பெரிசா?

ஊசிக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவில் உள்ள கோடு மேலே தூக்கி நின்றால் மாரடைப்பாக இருக்கலாம். வேறு காரணமும் உண்டு. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

இதை மட்டும் மறக்காதீங்க. மாரடைப்பின் ஆரம்பத்தில் இசிஜி நார்மலாகவும் வரலாம். வலி நிற்கவில்லை என்றால், "இன்னொரு தடவை எடுங்க, ரத்தமும் சோதிச்சுப் பாருங்க"ன்னு தைரியமாகக் கேளுங்கள். நெஞ்சுவலி மட்டுமல்ல, தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், குப்பென்று வியர்வை, வாந்தி என்றும் பெண்களுக்கு வரும். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இசிஜி எடுத்தால் தாளைக் கேட்டு வாங்குங்கள். நாளாக ஆக அதன் எழுத்து மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்துப் பாஸ் புக்கோடு வையுங்கள். போன மாத இருப்பு தெரியாமல் இந்த மாதக் கணக்கை முடிக்க முடியுமா? அதுபோல, பழைய தாள் கையில் இருந்தால்தான் புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று மருத்துவருக்குச் சட்டென்று தெரியும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே எழுதிடுங்க.