பேச்சு பிந்தினால் முதலில் காதைப் பாருங்கள்

(நாவுலயில் நடந்த மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடிய இடத்தில் பிள்ளைகளின் பேச்சைப் பற்றியும் பேச வேண்டும் என்று மாதர் அணி கேட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று தூரம் இல்லை.

லயத்தில் மூன்று வயதுப் பிள்ளை பேசாமல் இருந்தால் நாம் சொல்லும் முதல் சமாதானம், “அவன் அப்பனும் நாலு வயசிலதான் வாயத் தொறந்தான்” என்பது. அடுத்தது கோயில் நேர்த்தி. காது கேட்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. கேளாத பிள்ளை எப்படிப் பேசும்?

நாம் ஏமாறுவதற்கும் காரணம் உண்டு. காது கேளாத கைக்குழந்தையும் முதல் சில மாதங்கள் சிரிக்கும், ‘ஆ, ஊ’ என்று குரல் கொடுக்கும். கதவை ஓங்கிச் சாத்தினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். நாமோ, “நல்லாக் கேக்குது” என்று விட்டுவிடுகிறோம். பிள்ளை காணாதபடி பின்னால் இருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துப் பிள்ளை சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதை ஒட்டி ஒரு சொல்லாவது வரும். ஒன்றரை வயதிலும் ஒரு சொல் இல்லையென்றால் பொறுத்திருக்க வேண்டாம். இரண்டு வயதில் ‘பால் குடு’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். வீட்டில் பார்ப்பது சந்தேகத்தைக் காட்டும். உறுதி சொல்வது ஆஸ்பத்திரிச் சோதனைதான்.

காதில் சீழ் வடிந்தால் காய்ச்சிய எண்ணெய், வெங்காயச் சாறு எதையும் ஊற்றாதீர்கள். அது வைத்தியம் செய்து மாற்றக்கூடிய நோய். விட்டால் கேள்வித்திறன் குறையும். அப்படிப்பட்ட பிள்ளைதான் பின்வாங்கில் இருந்துகொண்டு ‘மக்கு’ என்று பேர் வாங்குகிறது.

இன்னொன்று. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பிறக்கும் பிள்ளையின் காது பாதிக்கப்படலாம். இலங்கையில் 1996இல் இதற்குத் தடுப்பூசி தொடங்கினார்கள். 2020இல் இந்த நாடு ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஊசிக்குப் பயந்து பிள்ளைகளை மறைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாவுலயில் கடை, பஸ், ஆஸ்பத்திரி எங்கும் சிங்களம். பேச்சு பிந்தினால், “தமிழை விட்டுவிட்டுச் சிங்களத்தில் மட்டும் பேசுங்கள்” என்று புத்தி சொல்ல ஆள் இருக்கிறது. கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு பிந்துவதில்லை. சிங்களமும் படிக்கட்டும், நல்லது. ஆனால் தாய்க்குச் சரளமாக வரும் மொழியில்தான் பிள்ளைக்கு நிறையச் சொல் கிடைக்கும். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, விறகு அடுக்கும்போது பேசிக்கொண்டே இருங்கள். பிள்ளை பதில் சொல்லக் கொஞ்சம் நேரமும் கொடுங்கள். தொழிற்சங்கத்தில் உழைத்த சி.வி. வேலுப்பிள்ளை நம் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்தத் தாலாட்டுகளைப் பாடிய ஆச்சிமாருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பிள்ளைக்குப் பேச்சு கொடுக்கத் தெரிந்திருந்தது. கையில் கொடுக்கும் போன் அந்த வேலையைச் செய்யாது.

காது கேளாது என்று உறுதியானாலும் பிள்ளையை ஒதுக்கிவிடாதீர்கள். காதுக் கருவி இருக்கிறது. கைமொழியும் முழுமையான மொழிதான். நாவுலயைக் கடந்து யாழ்ப்பாணம் போகும் இதே ஏ9 வீதியில்தான் கைதடி இருக்கிறது. அங்கே நஃபீல்ட் பாடசாலை காது கேளாத பிள்ளைகளுக்குத் தமிழில் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறது.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். பிள்ளையை மாத்தளைக்கோ கண்டிக்கோ கூட்டிப் போகும் நாளில் தாய்க்குப் பேர் இல்லை. பஸ் காசும் கையை விட்டுப் போகிறது. பேச்சுப் பயிற்சி ஒரு நாளில் முடிவதுமில்லை, மாதக்கணக்கில் போய்வர வேண்டும். பிள்ளைமீது அக்கறையில்லாத தாய் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே கிளினிக் துண்டு காட்டும் தாய்க்கு அன்றைய பேரைப் போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்கப்போகிறோம். ஆஸ்பத்திரியில் தமிழில் விளக்கம் கேட்பதும் நம் உரிமை. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள வீட்டார் கிளினிக் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். எந்தெந்தப் பிள்ளைக்குக் காது பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதி, மிட்வைஃப் அம்மாவிடம் கொடுப்போம்.