வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க ஆட்சியில் கட்சிகளின் பங்கு என்ன, அவை எப்படி அமைந்திருக்கின்றன என்று பேசச் சொன்னீர்கள். யானைச் சின்னம், கழுதைச் சின்னம் என்று தொடங்கினால் பொது அறிவு வகுப்பாகிவிடும். கட்சிக்கு வெளியே நிறுத்தப்பட்ட கருப்பின மக்களின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் கட்சி இல்லாமல் அங்கே ஆட்சி நகராது. நம்மூர்போல் சந்தா கட்டி உறுப்பினர் அட்டை வாங்கும் வழக்கம் இல்லை. வாக்குச்சாவடிப் பகுதி, நம் மாவட்டம் போன்ற கவுண்டி, மாநிலம், தேசியம் என்று படிப்படியாகக் குழுக்கள் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேசிய மாநாடு கூடி அதிபர் வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும். மற்ற பதவிகளுக்குத் தலைமை 'சீட்டு' கொடுப்பதில்லை. பெரும்பாலும் வாக்காளர்களே 'பிரைமரி' என்னும் முதற்கட்டத் தேர்தலில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரைமரியில் யார் வாக்களிக்கலாம்?

நிறத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870இலேயே அரசமைப்பின் 15ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. தெற்கு மாநிலங்களில் அன்று ஜனநாயகக் கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும். அதன் பிரைமரியில் வென்றவருக்குப் பதவி உறுதி. நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. எனவே பொதுத்தேர்தலின் கதவை அடைப்பதைவிடக் கட்சியின் கதவை அடைப்பது எளிது என்று வெள்ளையர்கள் கண்டுகொண்டார்கள்.

1923இல் டெக்சாஸ் மாநிலம், ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் கருப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. எல் பாசோ நகரத்தின் கருப்பின மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் வழக்குத் தொடுத்தார். 1927இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உடனே மாநிலம், 'யாரைச் சேர்ப்பது என்பதைக் கட்சியின் நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும்' என்று சட்டத்தை மாற்றியது. நிக்சன் மறுபடியும் வழக்காடி 1932இல் வென்றார். அடுத்து, கட்சி மாநாடே கூடி 'வெள்ளையர்கள் மட்டும்' என்று தீர்மானம் போட்டது. 1935இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கட்சி என்பது தனியார் சங்கம், அது யாரைச் சேர்க்கும் என்பதில் அரசு தலையிட முடியாது என்பதே காரணம்.

'இது எங்கள் உள்விவகாரம்' என்ற வாதம் உங்களுக்குப் புதிதல்ல. கோவில் நுழைவில் கேட்டிருக்கிறோம், தெருவில் நடப்பதில் கேட்டிருக்கிறோம்.

1944இல் ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித்தின் வழக்கில் தர்குட் மார்ஷல் வாதாடி, அந்தத் தீர்ப்பை மாற்ற வைத்தார். அப்போதும் விடவில்லை. டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 'ஜேபேர்ட்' என்ற வெள்ளையர் சங்கம், பிரைமரிக்கு முன்பே தனியாக வாக்கெடுப்பு நடத்தி ஆளை முடிவு செய்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க 1953இல் இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது. ஒரு கதவைத் திறந்தால், அதற்கு முன்னால் இன்னொரு கதவு வைக்கிறார்கள். இந்த வழக்குகளை வரிசையாகப் படித்தபோது எனக்குச் சாதியின் வேலைமுறைதான் நினைவுக்கு வந்தது.

மிசிசிப்பிக்கு வருவோம். 1964இல் அங்கே வாக்களிக்கும் வயதிலிருந்த கருப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளராகப் பதிவு பெற்றிருக்கவில்லை. கட்சியின் அடிமட்டக் கூட்டங்களுக்குப் போனவர்களையும் விரட்டினார்கள். எனவே அவர்கள் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். பகுதி, கவுண்டி, மாநிலம் என்று கட்சி விதிப்படியே கூட்டங்கள் நடத்தி, 68 பிரதிநிதிகளோடு அட்லாண்டிக் சிட்டி தேசிய மாநாட்டுக்குப் போனார்கள். 'மிசிசிப்பியின் உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான்' என்றார்கள்.

அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். பருத்திக்காட்டுக் கூலி. 1962இல் வாக்காளராகப் பதியப் போனதற்காகப் பண்ணையிலிருந்து விரட்டப்பட்டவர். மறு ஆண்டு சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். இதையெல்லாம் அவர் மாநாட்டுக் குழுவின் முன் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியைத் திசைதிருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைச் சந்தித்தார். அன்றிரவு தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை ஒளிபரப்பின.

கட்சித் தலைமை சமரசம் பேசியது: இரண்டு இடம் தருகிறோம். அந்த இருவர் யார் என்பதையும் தலைமையே முடிவு செய்தது. அதில் ஹேமர் இல்லை. அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

தோழர்களே, இடம் கொடுத்தும் ஏன் மறுத்தார்கள் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. பூனா ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்குப் பதில் தெரியும். 1932இல் அந்த ஒப்பந்தமும் ஒரு முதற்கட்டத் தேர்தலை வைத்தது. தனித்தொகுதியில் தலித் மக்கள் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள்; அந்த நால்வரில் வெல்வது யார் என்பதை எல்லாச் சாதி வாக்காளர்களும் முடிவு செய்வார்கள். இடம் நமக்கு, அதில் உட்காருபவரைத் தேர்வது பிறருக்கு. அண்ணல் அம்பேத்கர் கடைசிவரை எதிர்த்துப் பேசியது இதைத்தான்.

மறுப்பு வீண்போகவில்லை. பாகுபாடு காட்டும் மாநிலக் குழுவுக்கு இனி இடமில்லை என்று கட்சி விதி வகுத்தது. 1968 மாநாட்டில் கருப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த மிசிசிப்பி அணி அமர்ந்தது. அதில் ஹேமரும் இருந்தார்.

வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகும் முன்பே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. அந்தப் பாதி எந்த அறையில் நடக்கிறது, அங்கே யாருக்கு நாற்காலி, அந்த நாற்காலியில் உட்காருபவரைத் தேர்ந்தெடுத்தது யார்? நீங்கள் ஆதரிக்கும் கட்சியாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். 'உள்விவகாரம்' என்று பதில் வந்தால், அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.