வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை

காலையில எழுந்ததும் பிரஷ்ஷைப் பிடிக்க உங்க விரல் மடங்குதா? இல்ல, இறுக்கம் விடவே ஒரு மணி நேரம் ஆகுதா? சில வாரமா இப்படி இருக்கு, ரெண்டு கையிலயும் விரல் மூட்டுகள் வீங்கியிருக்குன்னா, 'ஏசி காத்து பட்டிருக்கும்'னு விட்டுடாதீங்க. முடக்குவாதமா இருக்கலாம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொல்றது இதைத்தான்.

மூட்டுவலி வயசானவங்களுக்குத்தானே வரும்னு தோணும். அது பெரும்பாலும் தேய்மானம். இது வேற. கிருமியோட சண்டை போட வேண்டிய நம்ம எதிர்ப்புசக்தியே மூட்டோட உள்சவ்வைத் தாக்குது. அதனால 25 வயசுலயும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2, 3 மடங்கு அதிகம். ரத்தத்துல 'ஆர்.ஏ. ஃபேக்டர்' நெகட்டிவ்னு வந்தாலும் நோய் இருக்கலாம்.

வலி மாத்திரை வலியைக் குறைக்கும். உள்ளே எலும்பு அரிக்கிறதை நிறுத்தாது. அதைக் கட்டுப்படுத்த டாக்டர்கள் பெரும்பாலும் முதல்ல கொடுக்கிறது மெத்தோட்ரெக்சேட். இங்கதான் சிக்கல். கூகுள் பண்ணிப் பார்த்தா 'புற்றுநோய் மருந்து'ன்னு வரும். பலர் பயந்து நிறுத்திடறாங்க. புற்றுநோய்க்காக வந்த மருந்துதான், உண்மை. அமெரிக்காவில் 1988-ல் முடக்குவாதத்துக்கும் அனுமதி கிடைச்சது. ஆனா இதுக்குக் கொடுக்கிற அளவு ரொம்பக் குறைவு, அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்.

இதை மட்டும் மறக்காதீங்க. தெரியாம தினமும் போட்டா ரத்த அணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமைன்னு மாத்திரை டப்பா மேலயே எழுதி ஒட்டுங்க. கூடவே ஃபோலிக் ஆசிட் தருவாங்க. அப்பப்போ ரத்தப் பரிசோதனையும் இருக்கும். கர்ப்ப காலத்துல இந்த மருந்து கூடாது. அதனால குழந்தை பெத்துக்கிற யோசனை இருந்தா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

இன்னொண்ணு, பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். அந்த இடைவெளியிலதான் பொறுமை போயிடும். 'மூணே நாள்ல குணம்'னு யாராவது ஒரு பொடி கொடுப்பாங்க. வலியும் மாயமா மறையும். அந்தப் பொடிகள் சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்!

அதனால வீக்கம் தெரிஞ்சதுமே ஒரு ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்க. கோணிப்போன விரலை மருந்து நேராக்காது. ஆனா சீக்கிரமா ஆரம்பிச்சா, பெரும்பாலும் கோணாம காப்பாத்திடலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.